அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது?
இணையவழிக் கற்றல் சொற்கள்: ஆசிரியருக்கு ஓர் அறிமுகம்

2020ஆம் ஆண்டு. பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஏழாம் வகுப்பு அறிவியலைக் கைப்பேசி வழியாக நேரலையில் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி நாள்தோறும் முதல் ஆளாக வகுப்பில் சேருவாள். இருபது நிமிடம் ஆனதும் காணாமல் போவாள். ஒரு வாரம் பார்த்தேன். ‘பாதியில் வெளியேறுகிறாள், ஆர்வமில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிறகுதான் அவளுடைய அம்மாவிடம் பேசினேன்.

“அவ வேணும்னு போகல டீச்சர். அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே போன்தான். அவன் கிளாஸ் முடிஞ்சு இவ உக்காந்தா, கொஞ்ச நேரத்துல அந்த வட்டம் சுத்த ஆரம்பிச்சிடுது. அப்புறம் ஒண்ணும் வர்றதில்ல” என்றார்.

டேட்டா, ஸ்பீடு, பஃபரிங் என்ற சொற்களை நானும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அவற்றின் பொருளைக் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அன்றிரவு உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றையும், அதன்பின் வகுப்பறையில் உதவியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

பிட், பைட்

கணினி அறிந்தவை 0, 1 என்ற இரண்டு இலக்கங்களே. அப்படியான ஓர் இலக்கம் ஒரு பிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட், அதாவது எம்பி. ஆயிரம் எம்பி ஒரு ஜிபி.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறோம். இணைய வேகத்தைப் பிட்டில் சொல்கிறோம். ‘100 எம்பிபிஎஸ்’ என்றால் வினாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 எம்பிதான். இந்த வேகத்தின் உச்ச அளவையே பேண்ட்வித் என்கிறோம். குழாயின் விட்டம் போன்றது அது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் 20 கணினிகள் ஒரே நேரத்தில் அந்த 100 எம்பிபிஎஸ் இணைப்பில் காணொலி பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும்.

அந்த வீட்டின் கணக்கு

காணொலி வகுப்புக்கு வினாடிக்கு 1 மெகாபிட் செலவாகிறது என வைத்துக்கொள்வோம். 40 நிமிடம் என்பது 2,400 வினாடி. ஆக 2,400 மெகாபிட். எட்டால் வகுத்தால் 300 எம்பி.

அவர்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதாவது 1,500 எம்பி. அண்ணனுக்குக் காலையில் நான்கு வகுப்பு: 1,200 எம்பி. மீதி 300 எம்பி. என் வகுப்புக்குச் சரியாகப் போதும். ஆனால் ‘வகுப்புக்கு முன் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று பத்து நிமிடக் காணொலிகள் இரண்டை நான் நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு 75 எம்பி வீதம் 150 எம்பி. சொன்ன சொல் தட்டாமல் அவள் இரண்டையும் பார்த்திருக்கிறாள். எஞ்சியது 150 எம்பி. அது இருபது நிமிடத்துக்குத்தான் வரும்.

காணொலியைப் பார்க்காமல் வந்த பிள்ளைகள் முழு வகுப்பிலும் இருந்தார்கள். பார்த்துவிட்டு வந்தவளை ஆர்வமில்லாதவள் என்று எழுதியிருந்தேன்.

ஸ்ட்ரீமிங், பதிவிறக்கம், பஃபரிங்

காணொலியைச் சேமிக்காமல், வர வரப் பார்ப்பது ஸ்ட்ரீமிங். கோப்பைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வது பதிவிறக்கம். நம்மிடமிருந்து அனுப்புவது பதிவேற்றம். ஸ்ட்ரீமிங்கில் பாடத்தை மறுபடி பார்த்தால் பெரும்பாலும் மறுபடி டேட்டா செலவாகும். பதிவிறக்கியதை எத்தனை முறை பார்த்தாலும் செலவு ஒருமுறைதான். நேரலை வகுப்பில் மாணவரின் கேமரா இயங்கினால் பதிவேற்றமும் சேர்ந்துகொள்ளும். ‘எல்லாரும் கேமராவைப் போடுங்கள்’ என்று சொல்லும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் அடுத்த சில வினாடிக்கான காட்சி முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும். அந்தச் சிறு இருப்புதான் பஃபர். வரத்து குறைந்து இருப்புத் தீர்ந்தால் வட்டம் சுற்றும். அன்றாட அளவு முடிந்ததும் பல திட்டங்களில் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட் அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது ஒரு வினாடிக் காட்சி வந்துசேர ஏறத்தாழ 16 வினாடி ஆகும். வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்?

நிகழ்நேரக் கற்றல், நேரம் சாராக் கற்றல்

ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பது நிகழ்நேரக் கற்றல். பாடம் பதிவாக இருந்து, அவரவர் வசதிப்படி படிப்பது நேரம் சாராக் கற்றல். முன்னதில் ஐயத்தை உடனே கேட்கலாம். பின்னதில் நிறுத்தி, திரும்பக் கேட்டுப் படிக்கலாம்; ஒரே கைப்பேசியை மூவர் பகிரும் வீட்டுக்கும் அது பொருந்தும். வகுப்பறைப் பாடத்தோடு இணையவழிப் பாடத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது கலப்பு முறைக் கற்றல்.

அந்தக் கணக்குக்குப் பின் நான் நேரலையை 15 நிமிட ஐயந்தெளிதலாகச் சுருக்கினேன். பாடத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவாகவும், பாடநூல் படத்தின் புகைப்படமாகவும் அனுப்பினேன். 64 கிலோபிட் வேகத்தில் பதிவான பத்து நிமிடக் குரல் 5 எம்பிக்கும் குறைவு. அதே பத்து நிமிடத்துக்குக் காணொலி 75 எம்பி கேட்கிறது.

இணைப்பு, சர்வர், விரைவுக் குறியீடு

பாடங்கள் இருப்பது எங்கோ ஓரிடத்தில் ஓய்வின்றி இயங்கும் சர்வர் கணினிகளில். அப்படிப்பட்ட கணினிகளில் நம் கோப்புகளை வைத்து, எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடே மேகச் சேமிப்பு. அங்கே செல்வதற்கான முகவரி யூஆர்எல். அந்த முகவரிக்கு நம்மை அழைத்துச் செல்லும் சொல்லோ படமோ இணைப்பு. இணையப் பக்கங்களைத் திறக்கும் செயலி பிரவுசர். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடித் தருவது தேடுபொறி. குரோம் ஒரு பிரவுசர். கூகுள் ஒரு தேடுபொறி.

நம் பாடநூல்களில் உள்ள விரைவுக் குறியீட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக. அந்தக் கட்டத்துக்குள் பாடம் இருப்பதாகவே மாணவர் பலர் நினைக்கிறார்கள். ஒரு குறியீட்டில் அதிகபட்சம் மூவாயிரம் பைட் கூட அடங்காது. அதில் இருப்பது முகவரி மட்டுமே. எனவே ஸ்கேன் செய்வதற்குச் செலவில்லை, அதன்பின் திறக்கும் காணொலிக்கு உண்டு. 2017இல் தொடங்கப்பட்ட திக்ஷா செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி, இணையம் இல்லாமலும் பார்க்கலாம். பள்ளி இணைப்பில் பதிவிறக்கிக் கொடுத்தால் வீட்டு டேட்டா மிஞ்சும்.

கடவுச்சொல், ஓடிபி

கடவுச்சொல் வீட்டுச் சாவி என்றால், ஓடிபி ஒரே ஒருமுறை திறக்கும் சாவி. பெற்றோரின் கைப்பேசி பிள்ளையின் கையில் இருக்கும்போது, ‘வகுப்பில் சேர ஓடிபி சொல்லு’ என்று யாரேனும் கேட்டால் அது சொல்லிவிடும். அந்த எண் வங்கிக் கணக்குக்கானதாக இருக்கலாம். நம்பத்தக்கவர் போல நடித்து இப்படித் தகவலைப் பறிப்பது ஃபிஷிங். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ இருந்தால், தகவல் செல்லும் வழி மறையாக்கம் செய்யப்பட்டது என்று மட்டுமே பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றல்ல. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவைப்போம்.

வகுப்பறைச் செயல்பாடு

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த மாணவர் எவரும் இதைச் செய்யலாம்.

1. வீட்டில் எத்தனை கைப்பேசி, நாளுக்கு எவ்வளவு டேட்டா, எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதட்டும். பொதுவில் வாசிக்கச் சொல்ல வேண்டாம், வறுமை அம்பலமாகும்.
2. கரும்பலகையில் சூத்திரம்: வேகம் (மெகாபிட்) × வினாடி ÷ 8 = எம்பி.
3. 30 நிமிடக் காணொலி, 30 நிமிடக் குரல் பதிவு இரண்டுக்கும் செலவைக் கணக்கிடட்டும்.
4. ‘ஒரு ஜிபியில் ஒரு வாரப் படிப்பைத் திட்டமிடு’ எனக் குழுப்பணி தரலாம்.

என் வகுப்பில் நான்காவது செயல்பாட்டில்தான் விவாதம் சூடுபிடிக்கும். எதைக் காணொலியாகப் பார்க்க வேண்டும், எதற்குக் குரலே போதும் என்று பிள்ளைகளே முடிவெடுப்பார்கள்.

பழைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘ஆர்வமில்லை’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘150 எம்பி’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது இணையம் வழியாக எந்த வேலை கொடுப்பதாக இருந்தாலும், முதலில் அது எத்தனை எம்பி என்று ஓரத்தில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.