இலத்தீன் எண்ணுவினையடைகள்: பொருளும் தமிழாக்கமும்

முன்னுரை

ஒரு செயல் எத்தனை முறை நிகழ்ந்தது என்பதை உணர்த்த இலத்தீன் மொழியில் தனியொரு சொல்வகுப்பு உள்ளது. தமிழ் ‘இருமுறை’, ‘மும்முறை’ என எண்ணடையோடு பெயரைக் கூட்டி உணர்த்தும் பொருளை அம்மொழி ஒரு சொல்லாலேயே உணர்த்தும். அச்சொற்கள் இங்கு ‘எண்ணுவினையடை’ எனப்படுகின்றன. அவற்றை எல்லா இடங்களிலும் ‘முறை’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. பயன்பாடு நோக்கியே பெயர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சொல்லமைப்பு

செமெல் (ஒருமுறை), பிஸ் (இருமுறை), தெர் (மும்முறை), குவாதெர் (நான்குமுறை) ஆகிய நான்கும் தனித்தனி வடிவுடையன. ஐந்து முதலான எண்கள் ‘-இயேஸ்’ என்னும் விகுதி ஏற்கும்: குயின்குவியேஸ் (ஐந்துமுறை), தெகியேஸ் (பத்துமுறை), கெந்தியேஸ் (நூறுமுறை), மிலியேஸ் (ஆயிரம்முறை). இவ்விகுதியின் பழைய வடிவம் ‘-இயேன்ஸ்’ என்பதாகும். அகஸ்டஸின் செயல்களைக் கூறும் அங்காரா கல்வெட்டில் இப்பழைய வடிவைக் காணலாம். ‘எத்தனை முறை’ எனப் பொருள்படும் குவோதியேன்ஸ் என்னும் சொல்லிலும் இதே விகுதி அமைந்துள்ளது.

தொகையும் வரிசையும்

‘தெர்’ என்பது மொத்த எண்ணிக்கையைச் சுட்டும். ‘தெர்த்தியும்’ என்பது வரிசையைச் சுட்டும். முன்னது ‘மும்முறை’, பின்னது ‘மூன்றாம் முறை’. வரிசை குறிக்கும் சொல்லிலும் தெர்த்தியும், தெர்த்தியோ என இரு வடிவங்கள் வழங்கின. பாம்பே தம் மூன்றாம் கான்சல் பதவியைக் கல்வெட்டில் பொறிக்க முனைந்தபோது எவ்வடிவம் சரி என்னும் ஐயம் எழுந்தது. ஈற்றை விடுத்துச் சொல்லின் முற்பகுதியை மட்டும் பொறிக்குமாறு சிசரோ அறிவுறுத்தினார் என்பது ஔலுஸ் கெல்லியுஸ் தரும் செய்தி. உரோமையின் பாந்தியன் முகப்பில் அக்ரிப்பாவின் பெயரோடு ‘தெர்த்தியும்’ என்னும் வடிவம் முழுமையாக உள்ளது.

பெருக்கலும் மிகுதியும்

பெருக்கலில் எண்ணுவினையடை பங்கீட்டெண்ணோடு இணையும். ‘பிஸ் பீனா’ என்பது ‘ஈரிரண்டு’. ‘தெர் தெர்னா’ என்பது ‘மும்மூன்று’. இங்கு ‘முறை’ என்னும் சொல் வேண்டுவதில்லை. மிலியேஸ் என்பது சிலவிடங்களில் எண் குறியாது மிகுதி குறிக்கும். ‘ஆயிரம் முறை சொன்னேன்’ என்னும் தமிழ் வழக்கு இதற்கு நேரானது. செமெல் என்பதும் இடம் நோக்கி ‘ஒரேயடியாக’ எனப் பொருள்படும்.

பெருந்தொகை

பிழைக்கு மிகுதியும் இடந்தருவது பணத்தொகையே. இலத்தீனில் பத்து இலட்சத்திற்குத் தனிச்சொல் இல்லை. ‘பத்துமுறை நூறாயிரம்’ என்றே கூறுவர். நாணயத்தொகையில் ‘நூறாயிரம்’ என்னும் பகுதியும் தொக்குவிடும். செனட் உறுப்பினர்க்குரிய சொத்துத் தகுதியை 8,00,000 செஸ்தெர்ஸிலிருந்து அகஸ்டஸ் உயர்த்தியதைக் கூறும் சுவெத்தோனியுஸ், புதிய தொகையை ‘துவோதெகியேஸ் செஸ்தெர்தியும்’ என்கிறார். சொல்லளவில் இது ‘பன்னிருமுறை’ என்பதே. தொக்கு நிற்கும் நூறாயிரத்தை விரித்தால்தான் 12,00,000 என்னும் தொகை கிடைக்கும். விரிக்காவிடில் உயர்த்தப்பட்ட தகுதி பழையதினும் குறைந்ததாகத் தோன்றும்.

முடிவுரை

எண்ணுவினையடை நிகழ்ச்சியைத் தழுவின் ‘முறை’ என்றும், பங்கீட்டெண்ணைத் தழுவின் பெருக்கலாகவும், பணத்தொகையில் வரின் ‘நூறாயிரம்’ கூட்டியும் பெயர்த்தல் வேண்டும். நூறாயிரத்தையே அலகாகக் கொண்டு எண்ணும் வழக்கு தமிழில் உள்ளமையால், மில்லியன் கணக்கின் இடையீடின்றியே இலத்தீன் தொகைகளை ‘பன்னிரண்டு நூறாயிரம்’ என நேரே பெயர்க்க இயலும். இலத்தீன் நூல்களை மூலத்திலிருந்தே தமிழாக்குவோர்க்கு இவ்வொப்புமை பெரிதும் பயன்படும்.