ஜெகதளா டீச்சரின் முடிக் கணக்கு

"முடிக்குப் பாத்திரம்! பழைய முடிக்குப் பாத்திரம்!" என்று கூவிக்கொண்டு நீலகிரியின் ஜெகதளா மேட்டில் ஏறிவந்த வியாபாரி, டீச்சர் நீட்டிய முடி உருண்டையைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "என்னக்கா, ஒரே வீட்டு முடியா இது?" என்றார். ஒரே வீடுதான். சொல்லப்போனால் ஒரே தலை. இரண்டு மாதத்து உதிர்வு. பதிலுக்குக் கிடைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம் இன்றும் அந்த வீட்டு அடுக்களையில் கடுகு போட்டு வைக்க உதவுகிறது.

அந்த டீச்சரும் இதை எழுதுபவரும் ஒருவரே. சொந்தத் தலை வழுக்கையாகிற கதையை 'நான், எனக்கு' என்று எழுத மனம் வரவில்லை. ஆகவே 'டீச்சர்' என்றே இருக்கட்டும். வயது முப்பத்தைந்து. கணவருக்கு அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை. மாமியார் உண்டு. ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல அக்கம்பக்கமும் உண்டு.

முடி கொட்டத் தொடங்கியது செப்டம்பரில். முதல் பழி தண்ணீர் மேல் விழுந்தது. அடுத்த பழி கம்பளிக் குல்லா மேல். பிறகு ஷாம்பு. குளிருக்கு டீச்சர் தலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீரும் தப்பவில்லை. வெந்நீர் தலைத்தோலை வறளவைக்கும், முடியின் நுனியைச் சிதைக்கும், அது உண்மை. ஆனால் வேரோடு கழன்று விழுவதற்கு அது காரணமில்லை. குல்லா சுத்தமாக நிரபராதி.

அக்டோபரில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கோவையில் ஓர் அக்குபஞ்சர் சிகிச்சையகத்தைச் சொன்னார். பத்து முறை உட்கார வேண்டும். ஒரு முறைக்கு 500 ரூபாய். சனிக்கிழமைதோறும் காலையில் குன்னூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்புறம் கோவை என்று பஸ் மாறிப் போய்வந்தார். பஸ் கட்டணத்தையும், மலைப்பாதை வளைவுகளில் வந்த வாந்தியையும் அந்த ஐயாயிரத்தில் சேர்க்கவில்லை.

சீன வைத்தியத்தைத் தேடி நீலகிரிக்காரர் கீழே இறங்கிப் போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சீனர்கள் இந்த மலைக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கைதிகளாகக் கொண்டுவந்த சீனர்கள் நடுவட்டம் பக்கம் அடைத்துவைக்கப்பட்டார்கள். தோட்டங்களில் வேலை செய்தார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறினார்கள். மானுடவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைச் சந்தித்து எழுதிவைத்திருக்கிறார். அதில் வரும் ஒரு சீனத் தகப்பனாருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை, கிறிஸ்தவராக மாறியபோது தன் சடையை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான். சிறை, நாடு கடத்தல் எல்லாம் போக, மனிதர் மனசில் நின்றது முடி.

வைத்தியம் வந்த வழி வேறு. 1938இல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியா அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகநாத் கோட்னிஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் போன கல்கத்தா மருத்துவர் பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று அக்குபஞ்சர் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே போட்டது. தமிழ்நாட்டில் இது வேறு உருவம் எடுத்தது: நாடி பார்த்து ஒரே புள்ளியில் விரல் வைக்கும் 'தொடு சிகிச்சை'. ஊசியே கிடையாது. அக்குபஞ்சர் என்று பலகை பார்த்து உள்ளே போகிறவர், குத்துவார்களா தொடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. டீச்சர் போன இடத்தில் குத்தினார்கள்.

உச்சந்தலையில் 'பைஹுய்', முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி 'ஸூசான்லி', உள் கணுக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவே 'தைஷி'. ஊசி மயிரிழை கனம்தான். வலி கொசுக்கடி அளவு. அதற்குப் பிறகு அந்த இடம் கனத்து, மரத்து, இழுப்பதுபோல் ஓர் உணர்வு வரும். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இறங்கியதாகச் சீன மரபு சொல்கிறது. இருபது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். மூன்றாம் முறையிலிருந்து டீச்சர் அந்த இருபது நிமிடமும் குறட்டைவிட்டுத் தூங்கினார்.

தலைக்கு ஏன் காலில் ஊசி? சிகிச்சையாளர் பொறுமையாக விளக்கினார். சீன மருத்துவத்தில் முடி என்பது ரத்தத்தின் மிச்சம். அதன் பொலிவு சிறுநீரகத்தின் கையில். அந்தச் 'சிறுநீரகம்' நம் ஸ்கேனில் தெரியும் உறுப்பு அல்ல, பிறவியிலேயே வரும் உயிர்ச்சக்தியின் இருப்பிடம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' பெண்ணின் வாழ்வை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கிறது: முப்பத்தைந்தில் முகம் வாடி முடி உதிரத் தொடங்கும், நாற்பத்திரண்டில் நரை. ஆணுக்கு எட்டெட்டாக: நாற்பதில் உதிர்வு, நாற்பத்தெட்டில் காதோர நரை. முப்பத்தைந்து வயது டீச்சருக்கு இதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. 'உங்களுக்கு ரத்தம் போதவில்லை மேடம்' என்று அவர் முடித்தபோது, இனி முழு நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கை சற்று ஆட்டம் கண்டது நான்காம் வாரம். ஒட்டுச் சீட்டு இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கறுப்பு மாத்திரைகளை நீட்டி, 'நரை மூன்று மாதத்தில் கறுக்கும்' என்றார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் 'சீன மூலிகை' என்பதோடு பேச்சு முடிந்தது. நரைக்கென்று உலகெங்கும் விற்கப்படும் சீன வேர் 'ஹே ஷோ வூ'. ஹே என்பவரின் தலை கறுத்த கதையிலிருந்து வந்த பெயர். அதைத் தின்று கல்லீரல் கெட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் மக்களை எச்சரித்தது. அந்த டப்பாவில் இருந்தது அதுதானா என்பது டீச்சருக்குத் தெரியாது. பெயர் சொல்லாத மாத்திரையை விழுங்குவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த முழுக் கதையில் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது என்று கணவர் சொல்வார்.

நவம்பரில் குன்னூரில் ஒரு பெண் மருத்துவரைப் பார்க்கப் போனது முடிக்காக அல்ல, படியேறினால் மூச்சு வாங்கியதற்காக. முடி கொட்டுவதையும் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கொட்ட ஆரம்பிச்சதுக்கு மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது வந்துச்சா டீச்சர்?" ஜூனில் டைபாய்டு, இரண்டு வாரம் படுக்கை. டீச்சர் அதை மறந்தே போயிருந்தார்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா நின்று, விழும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெருந்துக்கம் ஏதாவது வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலையே மறந்துபோன ஒரு நாளில், சீப்போடு வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு ஊர் முழுக்க இதைப் பார்த்தோம். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பல அற்புதங்கள் விளங்கிவிடும். மனிதர் வைத்தியரைத் தேடுவது உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது. அதன்பின் எதைச் செய்தாலும், ஊசி குத்தினாலும் வெங்காயச் சாறு தடவினாலும், மூன்றாம் மாதம் குறையத்தான் செய்யும். புழுவெட்டுக்கும் இதே கதைதான்: சிறு வட்டமாகச் சொட்டை விழுந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் தானே முளைத்துவிடுகிறது. சீனாவில் அதற்கு பல முனை கொண்ட சிறு சுத்தியல் போன்ற 'பிளம் பூ ஊசி'யால் தலைத்தோலைச் சிவக்கத் தட்டுகிறார்கள். முளைத்த முடிக்குத் தட்டிய கை உரிமை கேட்காமல் இருக்குமா?

இனி ரத்தம். ஹீமோகுளோபின் 10.8. பெண்ணுக்கு 12 வேண்டும். இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. சீன மரபும் குன்னூர் ஆய்வகமும் ஒரே சொல்லைச் சொல்லியிருந்தன: ரத்தம் போதவில்லை. ஒருவர் அதை நாடியில் பார்த்து ஊசி போட்டார். இன்னொருவர் எண்ணாகப் பார்த்து இரும்பு மாத்திரை எழுதினார். நாடியில் பார்த்தவர், 'ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு வாருங்கள் மேடம்' என்று அக்டோபரிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீச்சருக்கு அவர் மேல் உள்ள ஒரே வருத்தம் அது.

ரத்தசோகை என்றால் குன்னூருக்கு ஒரு பழைய உறவு உண்டு. நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907இல் தொடங்கியது. அங்கே ஓர் அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், குன்னூருக்கு வந்து இந்த ஆய்வகத்திலும் எலிகளை வைத்துச் சோதனை செய்தார். ஈஸ்ட் சாறான 'மார்மைட்' அந்த ரத்தசோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் அவர் எழுதினார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஜெகதளாவிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

இங்கே நம் ஊர்க் குற்றவாளி ஒருவர் இருக்கிறார். சோற்றோடு டீ. தேயிலை மலையில் அதைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்பை டீயின் துவர்ப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பில் சேர்வது பாதிக்கும் கீழே போய்விடும். டீச்சர் காலை இட்லியோடு ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று என்று குடித்துவந்தவர். போதாததற்கு இரும்பு மாத்திரையையும் முதல் வாரம் டீயில்தான் விழுங்கினார். "ஏம்மா, கசப்பு தெரியாம இருக்கும்ல" என்று மாமியார்தான் யோசனை சொன்னார். மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம். மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு. டீ குறையவில்லை, நேரம்தான் மாறியது.

ஜனவரியில், ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு ஊர் வெள்ளை உடுத்திய நாட்களில், சீப்பில் முடி குறைந்திருந்தது. உடனே நான்கு பேர் உரிமை கோரினார்கள்: சிகிச்சையாளர், மருத்துவர், மாமியாரின் கரிசலாங்கண்ணி எண்ணெய், கணவரின் 'நான்தான் அப்பவே கவலைப்படாதேன்னு சொன்னேனே'. டீச்சரின் தீர்ப்பு இப்படி: கொட்டுவது நின்றது காலத்தால். புதுமுடி தெம்பாக வளர்ந்தது இரும்பால். ஊசியால் கிடைத்தது தூக்கமும், திருத்தும் நோட்டுக் கட்டுகளால் வந்த கழுத்து வலிக்கு நிவாரணமும். அதை அவர் குறைவாக மதிக்கவில்லை; உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வுகளை அலசி, அக்குபஞ்சர் பலன் தருவதாக வெளியிட்ட 28 தொல்லைகளின் பட்டியலில் கழுத்து வலி இருக்கிறது, முடி உதிர்தல் இல்லை.

நரை? முன்நெற்றியில் இருந்த பதினொன்றும் பதினொன்றாகவே இருக்கின்றன. முப்பத்தைந்தில் வருவது இளநரையே அல்ல என்றார் மருத்துவர். நம்மவர்களுக்கு இருபத்தைந்து வயதுக்கு முன் வந்தால்தான் அந்தப் பெயர். அப்படி வந்தால் பெரும்பாலும் பரம்பரை. ஆனால் பி12 குறைவும் தைராய்டு கோளாறும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மன அழுத்தம் குறைந்தபோது சில நரைமுடிகள் மீண்டும் கறுத்ததை 2021இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு இழைகள்தான், தலை முழுவதும் அல்ல. அதை வைத்து மாத்திரை விற்கக் கூடாது, ஆனாலும் விற்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொள்ள விரும்புகிறவர்களைத் தடுக்க டீச்சருக்கு எண்ணமில்லை. பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். அப்படிப் படித்துப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ஊசி உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். வகிடு வருடக்கணக்கில் அகன்றுகொண்டே போனால் அது வேறு வகை. தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

யாரிடம் போவதாக இருந்தாலும், போவதற்கு முன் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஃபெரிட்டின்' என்று தனியாக எழுதி வாங்குங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது.