மணலில் ஒரு பாடம்: கிளித்தட்டு

விளையாட்டும் ஒரு கல்வியே. அதற்குக் கிளித்தட்டு நல்ல சான்று. எமது மாம்புரி மணலில் ஒரு கம்பால் கோடு கீறினாலே களம் தயார், காசு செலவில்லை.

சம எண்ணிக்கையில் இரண்டு குழுக்கள் வேண்டும். ஒரு குழுவினர் குறுக்குக் கோடுகளில் ஆளுக்கொருவராக நின்று மறிப்பர். தத்தம் கோட்டை விட்டு அவர்கள் விலகக் கூடாது. ‘கிளி’ மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றக் குழுவினர் அடிபடாமல் எல்லாத் தட்டுகளையும் கடந்து திரும்பினால் ‘பழம்’. அடிபட்டால் குழுக்கள் இடம் மாறும்.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடுகள் போதும். அடிப்பதற்குப் பதில் மெதுவாகத் தொடலாம் என்று விதி வைக்கலாம்.

இதில் தனியே வெல்வது கடினம். ஒருவர் மறிப்பவரைத் தன் பக்கம் இழுத்தால்தான் மற்றவர் மறுபக்கத்தால் நுழையலாம். விட்டுக்கொடுத்தல், காத்திருத்தல், தோல்வியை ஏற்றல் யாவற்றையும் பிள்ளை ஓடி ஓடியே கற்கிறது.

இன்றோ, தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புகள் மாலைப் பொழுதை விழுங்குகின்றன. பெண் பிள்ளைகளை இன்னும் முன்கூட்டியே வீட்டுக்குள் அழைத்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்போட்டி ஓடியதைப் படித்தவர்கள்தானே நாம்!

பெற்றோரே, அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரமாவது தம்பியையும் தங்கையையும் மணலுக்கு அனுப்புங்கள். மஃரிப் பாங்குக்கு முன் வீடு திரும்பிவிடுவார்கள்.