மின்தடையின்போது வீட்டுக்கு மின்சாரம் தரும் கார்

மாணவர்களே, உங்கள் கைப்பேசியின் பேட்டரியில் ஏறத்தாழ 15 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 40 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட ஒரு மின்சாரக் காரில் அதைப்போல் 2,600 மடங்குக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. அந்தக் காரோ நாளின் பெரும்பகுதி நேரம் சும்மாதான் நிற்கிறது. மின்சாரம் தடைபட்டால், அந்தக் காரைக் கொண்டே வீட்டுக்கு மின்சாரம் தர முடியுமா?

முடியும் என்று காட்டிய நாடு ஜப்பான். 2011 மார்ச் 11-இல் அங்கு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின் மின்நிலையங்கள் பல நின்றுபோயின. தோக்கியோ வட்டாரத்தில்கூட முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே நிசான் நிறுவனம் தன் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய லீஃபின் பேட்டரி 24 கிலோவாட்-மணிதான். ஆனாலும் ஒரு சராசரி ஜப்பானியக் குடும்பத்துக்கு அது சுமார் 2 நாளைக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் சூறாவளி சீபா மாநிலத்தில் மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, நிசான் அங்கு லீஃப் கார்களை அனுப்பியது. பொது நிலையங்களில் மின்விசிறிகளும் கைப்பேசிகளும் அவற்றின் மின்சாரத்தில் இயங்கின.

இனி நம் வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மூன்றாம் படிவ அறிவியலில் படித்த சூத்திரமே போதும்: ஆற்றல் = திறன் × நேரம். மின்தடை நாளில் குளிர்பதனப் பெட்டி 1.5 கிலோவாட்-மணி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 60 வாட் மின்விசிறிகள் மூன்று, 10 மணி நேரம் ஓடினால் 1.8. 10 வாட் விளக்குகள் ஐந்து, 6 மணி நேரம் எரிந்தால் 0.3. இணையக் கருவிக்கும் கைப்பேசிகளுக்கும் 0.4. மொத்தம் நாளுக்கு 4 கிலோவாட்-மணி.

40 கிலோவாட்-மணி பேட்டரியில் பாதியைப் பயணத்துக்கு ஒதுக்கிவிடுவோம். அவசர வேளையில் மருத்துவமனைக்குப் போகக் கார் வேண்டுமல்லவா? மீதி 20-இல் ஏறத்தாழ 10 விழுக்காடு மின்னோட்டத்தை மாற்றும்போது வெப்பமாக வீணாகும். எஞ்சிய 18-ஐ 4-ஆல் வகுத்தால் நாலரை நாள்! அதே வீட்டில் 0.9 கிலோவாட் குளிரூட்டியை இரவு 8 மணி நேரம் ஓட்டினால் நாளின் செலவு 11.2 ஆகிவிடும், பேட்டரி இரண்டு நாள்கூடத் தாங்காது.

ஆற்றல் போதுமென்றாலும் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. ஜப்பானின் அந்த முதல் கருவி ஒரு நேரத்தில் 6 கிலோவாட் வரைதான் தரும். குளியலறை நீர்ச்சூடேற்றி 3.6, மின்கெண்டி 2.2, குளிரூட்டி 0.9 ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 6.7. பேட்டரி நிறைந்திருந்தாலும் கருவி நின்றுவிடும்.

அடுத்தது மின்னோட்டத்தின் வகை. 40 கிலோவாட்-மணி லீஃபில் 192 மின்கலங்கள் உள்ளன. இரண்டிரண்டாக இணைத்த 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.65 வோல்ட் என்றால் மொத்தம் சுமார் 350 வோல்ட், அதுவும் நேர் மின்னோட்டம். நம் வீட்டுக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். இன்வெர்ட்டர்தான் இந்த மாற்றத்தைச் செய்கிறது. பெரும்பாலான மின்சாரக் கார்களின் மின்னேற்றி வீட்டு மின்சாரத்தைக் காருக்குள் ஏற்ற மட்டுமே அமைக்கப்பட்டது. லீஃப் பயன்படுத்தும் சாடெமோ இணைப்போ இருவழிப் போக்கை அனுமதிக்கிறது. (மின்னேறும் வரை தேநீர் அருந்தலாமே என்று பொருள்படும் ஜப்பானியச் சிலேடை அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது!)

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருவோம். தெரு மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நம் வீட்டுக்கு அனுப்புகிறது. ஆனால் மின்மாற்றிக்குத் திசை தெரியாது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் உள்ளே போனால், மறுபக்கம் மின்னழுத்தம் மீண்டும் பல்லாயிரம் வோல்ட்டாக உயரக்கூடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பியைச் சரிசெய்யும் ஊழியரின் உயிருக்கு அது எமன். அதனால்தான் காரின் மின்சாரம் வீட்டுக்குள் நுழையுமுன், ஒரு மாற்றுச் சுவிட்ச் வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து முழுமையாகத் துண்டிக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரே பொருத்த வேண்டும். இரு முனைகளிலும் பிளக் உள்ள கம்பியைச் செய்து, சுவர்ச் சாக்கெட் வழியாக வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் வேலையைக் காரிலும் செய்யாதீர்கள், ஜெனரேட்டரிலும் செய்யாதீர்கள். பெரியவர்கள் யாராவது செய்ய முனைந்தால் தடுத்துவிடுங்கள்.

எளிய வழியும் ஒன்று உண்டு. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற கார்களில் 3.6 கிலோவாட் வரை நேரடியாகத் தரும் வசதி இருக்கிறது. நீட்டிப்புக் கம்பியைக் காரில் செருகி, குளிர்பதனப் பெட்டியையும் விசிறியையும் அதிலேயே இணைக்கலாம். வீட்டு மின்கம்பிகளைத் தொடுவதே இல்லை என்பதால் தெருவுக்கு மின்சாரம் கசியும் ஆபத்தும் இல்லை. நம் நாட்டுக்கு இப்போதைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

ஒன்றை மறக்கக் கூடாது. இங்கு மின்தடை பல வேளைகளில் வெள்ளத்தோடு வருகிறது. நீர் புகும் துணை மின்நிலையங்களைப் பாதுகாப்பு கருதி அடைத்துவிடுவார்கள். அப்போது கார் மேட்டில் நின்றால்தான் உதவும். நீரில் மூழ்கிய மின்சாரக் காரின் அருகில் போகவே வேண்டாம்.

பயிற்சி: உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதில் சென்ற மாதம் எத்தனை கிலோவாட்-மணி என்று பாருங்கள். அதை 30-ஆல் வகுத்து, 60 கிலோவாட்-மணி பேட்டரியின் பாதி உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்கிடுங்கள். மாற்றத்தில் வீணாகும் 10 விழுக்காட்டைக் கழிக்க மறவாதீர்கள்.