மார்கழிக் கோலம்: பெயின்டில் ஒரு பாடம்

குளிர்கால ஓவியம் என்றால் மேல்நாட்டுப் பிள்ளைகள் பனிமனிதனை வரைவார்கள். சங்கரன்கோவில் பக்கம் பனி கொட்டுவதில்லை. நமக்குக் குளிர்காலம் என்றால் மார்கழி. மார்கழி என்றால் வாசல் கோலம். அரையாண்டு விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதையே கணினியில் சொல்லிக் கொடுக்கலாம். விண்டோஸுடன் வரும் பெயின்ட் போதும்.

1. பெயின்டைத் திறந்து கன்ட்ரோல், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். கட்டங்கள் தெரியும்.

2. கட்டங்களைப் பார்த்து, சம இடைவெளியில் வரிசைக்கு 2 புள்ளியாக 4 வரிசை வைக்கச் சொல்லுங்கள். இது கோலத்தின் இடப்பாதி.

3. புள்ளிகளைச் சுற்றிப் பிள்ளை கோடு இழுக்கட்டும். நடுப்பக்கம் வரும் கோடுகள் பாதியின் ஓரம் வரை வர வேண்டும்.

4. 'செலக்ட்' மூலம் அந்த ஓரத்தை ஒட்டித் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் சி, பிறகு கன்ட்ரோல் வி கொடுங்கள். ஒட்டிய படத்துக்கு 'ஃபிளிப் ஹாரிசான்டல்' கொடுத்து, வலப்பக்கம் இழுத்துப் பொருத்துங்கள்.

5. வாளிக் கருவியால் வண்ணம் நிரப்புங்கள். கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் வண்ணம் வெளியே பரவிவிடும். கன்ட்ரோல் இசட் கொடுத்து, இடைவெளியை அடையுங்கள்.

ஒன்று முக்கியம். ஃபிளிப் கொடுக்கும் முன், வலப்பாதி எப்படி வரும் என்று தாளில் வரையச் சொல்லுங்கள். சமச்சீர் என்ற கணக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. கணினியே முந்திக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது படம் மட்டும்.

இது வெறும் விளையாட்டல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர், கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வை 1974-லேயே வெளியிட்டனர்.

மறுநாள் காலை பிள்ளையின் கையில் கோலமாவைக் கொடுங்கள். வாசலில் ஃபிளிப் கிடையாது. இரண்டு பாதியையும் விரல்தான் போட வேண்டும்.