உயர அச்சமும் அதற்கான சிகிச்சையும்

திருச்சி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டு, உச்சிப் பிள்ளையாரைக் காணாமலே திரும்புவோர் உளர். அவர்களுள் சிலரைத் தடுப்பது முழங்கால் வலியன்று. உயரத்தை நினைத்ததுமே எழும் படபடப்பும் நடுக்கமுமாகும். ஆபத்தின் அளவை மீறிய இத்தகைய அச்சம் 6 மாதங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், அது ‘ஃபோபியா’ எனும் நோய், கோழைத்தனமன்று.

விலகிச் செல்லும்போது கிடைக்கும் நிம்மதியே அச்சத்தை வளர்க்கிறது. ஆதலால் சிகிச்சை, அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குகிறது. மனநல நிபுணரின் வழிகாட்டலில் முதலில் சில படிகள் ஏறி, படபடப்பு தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அது எளிதானபின் தாயுமானவர் சன்னதி. இறுதியில் உச்சியில் நின்று காவிரியையும் ஸ்ரீரங்கக் கோபுரங்களையும் நோக்குதல்.

குடும்பத்தார் கேலி செய்வதும் வலிந்து இழுத்தேற்றுவதும் கூடாது. அடுத்த படியில் அவரே கால் வைக்கும்வரை உடன் நின்று காத்திருப்பதே உதவி.