பதிந்தவன் வந்தால் போர்டைக் கழற்ற வேண்டுமா?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலையிலும் ஒரு பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. "பேரை எவன் முதல்ல ரெஜிஸ்டர் பண்றானோ அவனுக்குத்தான் சொந்தமாம் சார். நாம நாப்பது வருஷமா வச்சிருந்தாலும் போர்டைக் கழட்டணுமாம்." அப்பளம் போடுகிறவர், சாம்பார்பொடி அரைத்துப் பாக்கெட் கட்டுகிறவர், பாத்திரக் கடைக்காரர் என்று எல்லோரும் இதையே சொல்கிறார்கள். டிரேட்மார்க் வேலையையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வெறும் அறியாமை என்றால் விட்டுவிடலாம். இந்தப் பயத்தை நம்பித்தான் ஒருவன் நோட்டீஸ் அனுப்புகிறான். நோட்டீஸைப் பார்த்ததும் அப்பா வைத்த பெயரை ஒருவர் மாற்றிவிடுகிறார், இன்னொருவர் சமாதானம் என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

யாரும் போர்டைக் கழற்ற வேண்டாம். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, முன்பிருந்தே பயன்படுத்தி வருகிறவரைப் பாதுகாக்கிறது. பதிந்த ஆள் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, அவர் பதிவு பெற்ற தேதி, இரண்டுக்கும் முன்பே நீங்கள் அதே பெயரில் அதே சரக்கைத் தொடர்ந்து விற்று வந்திருந்தால், அவருடைய பதிவு உங்களைத் தடுக்காது. 27-ஆவது பிரிவு இன்னொரு வழியும் தருகிறது. உங்கள் சரக்கு என்று ஜனங்களை நம்பவைத்துத் தன் சரக்கை விற்கிறவன்மேல், உங்களிடம் பதிவே இல்லாவிட்டாலும், வழக்குப் போடலாம்.

சட்டப் புத்தகத்தில்தானே இருக்கிறது, கோர்ட்டில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது திருநெல்வேலிக் கதை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழரத வீதியில், 1900 முதல் நடக்கும் அல்வாக் கடை. வெளிச்சம் போதாத அந்தக் கடைக்கு வாங்க வந்த ஜனங்களே வைத்த பெயர் இருட்டுக்கடை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே ஊரில் இன்னொருவர், முன்னால் 'திருநெல்வேலி' என்று மட்டும் சேர்த்து 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்றார். அந்தப் பெயருக்குப் பதிவும் வாங்கினார். பழைய கடைக்காரரிடமும் பதிவு இருந்தது. இரண்டு பேரும் பதிந்தவர்கள் என்றால் ஒருவர் பதிவை மற்றவர் மீறிவிட்டார் என்று வழக்காட முடியாது. அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்பது? 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முன்பிருந்தே பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் வரும் உரிமைக்கு மேலானது. புதியவர் தோற்றார். நம் ஊரிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய் அந்தக் கடை வாசலில் வரிசையில் நிற்கலாம். இதற்குப் பிறகும் 'பதிந்தவனுக்கே பெயர்' என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்கள் பணம் வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 1965 முதல் கே.எஸ்.ஆர்.டி.சி. கர்நாடகக் கழகம் அந்த எழுத்துகளை 1973 முதல் பயன்படுத்துகிறது. கர்நாடகம் முந்திக்கொண்டு பதிவு வாங்கி, 2014-இல் கேரளத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கிழக்கே கோட்டையில் நிற்கும் ஒரு பஸ்ஸிலாவது எழுத்தை அழித்தார்களா? இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நோட்டீஸ் வந்த பிறகுதான் கேரளம் தன் விண்ணப்பத்தோடு ஓடியது. 2003 செப்டம்பர் 15-இல் அந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பஸ் ஓட்டுவது போன்ற சேவைகளுக்குப் பதிவே கிடையாது, அது கேரளத்தின் குற்றமல்ல. அதற்குப் பிறகு சும்மா இருந்தது குற்றம். 2021 ஜூனில் பெயர் கேரளத்துக்கே என்று இங்கே கொண்டாடினார்கள். 2023 டிசம்பரில் கர்நாடகத்தின் பதிவை எதிர்த்த கேரளத்தின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இன்றைக்கு இரண்டு பஸ்களும் அதே ஐந்து எழுத்துகளோடு ஓடுகின்றன. முதலில் பதிந்தவர் மற்றவரை விரட்ட முடியவில்லை. முதலில் பயன்படுத்திய கேரளத்தாலும், காலம் கடந்து எழுந்ததால், பெயரைத் தனக்கே என்று ஆக்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, பதிவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 34-ஆவது பிரிவு கேடயம் மட்டும்தான். பதிவு இருந்தால் கோர்ட்டில் சான்றிதழை நீட்டினாலே உரிமை உங்களுக்கு என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். பதிவை மீறினான் என்ற வழக்கை உங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். பதிவில்லாதவர் எதிராளி இருக்கும் ஊருக்கே அலைய நேரலாம். இன்னொன்று, உங்களுக்குப் பின்னால் வந்தவன் பெயரைப் பதிந்து விற்பது தெரிந்தும் தொடர்ந்து ஐந்து ஆண்டு வாய்மூடி இருந்தால், அதன் பிறகு அவனைத் தடுக்கும் உரிமையை நீங்கள் இழக்கலாம். 33-ஆவது பிரிவு. "நாமதானே முதல்ல" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது அது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

ஜிஎஸ்டி எண் இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்கிறது, கம்பெனியாகவே பதிந்தாயிற்று, ஆகவே பெயர் நமக்கு என்பது தவறு. ஒன்று வரிக்கு, ஒன்று சுகாதாரத்துக்கு, மூன்றாவது கம்பெனிகளின் பதிவேட்டுக்கு. எதுவும் டிரேட்மார்க் தராது. ஒரு தடவை பதிந்தால் எல்லாச் சரக்குக்கும் செல்லும் என்பதும் தவறு. மொத்தம் 45 வகுப்புகள். அப்பளமும் மசாலாப்பொடியும் காப்பித்தூளும் 30-ஆவது வகுப்பு, ஊறுகாயும் நல்லெண்ணெயும் 29, ஹோட்டல் 43. ஒவ்வொரு வகுப்புக்கும் கட்டணம் தனி. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு ஆயுளுக்கும் செல்லாது, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு கிடைத்தவர்களுக்கு மட்டும். விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு அதை அச்சடிப்பது சட்டப்படி தப்பு. இந்தியப் பதிவு வளைகுடாவில் செல்லாது. துபாய்க்கு அப்பளம் அனுப்புகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பரில் மாட்ரிட் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டதால், இங்கிருந்தே அங்கேயும் பாதுகாப்புக் கேட்க வழி இருக்கிறது.

ஒரு சொல்லை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'அம்ருததாரா' மருந்தும் அதற்குப் பின்னால் வந்த 'லக்ஷ்மண்தாரா'வும், சாதாரணமாக வாங்க வருகிறவரை ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

இனி நான் எல்லோரிடமும் மன்றாடுகிற விஷயம். முதலில் பயன்படுத்தியவருக்கே பெயர் என்றால், முதலில் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் கவிழ்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் எந்தத் தேதியிலிருந்து பெயர் புழக்கத்தில் இருக்கிறது என்று ஒரு கட்டம் உண்டு. பழைய தேதி எழுதினால் உறுதிமொழிப் பத்திரமும் சான்றுகளும் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, பல ஏஜென்ட்டுகள் 'இனிமேல் பயன்படுத்த இருப்பது' என்று தட்டிவிடுகிறார்கள். தாத்தா காலத்துக் கடை, அரசாங்கக் காகிதத்தில் இன்னும் திறக்காத கடையாகிவிடுகிறது. நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார். விண்ணப்பத்தைக் கையெழுத்துக்கு நீட்டினால் அந்தக் கட்டத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சான்று எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கிறவர்களின் கடைப் பரணிலேயே அது இருந்திருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும், பழைய வாட் பைல்கள் இனி எதற்கு என்று மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு அப்பளக் கடையில் ஆணியில் மாட்டியிருந்த நாட்காட்டி அட்டைகளை நானே கழற்றி எடுத்திருக்கிறேன். தாள்களைக் கிழித்து முடித்தும் தூக்கிப் போடாத அட்டைகள். லக்ஷ்மி படம், கீழே கடைப் பெயர், ஊர், ஓரத்தில் ஆண்டும் சிவகாசி அச்சகத்தின் பெயரும். ஆண்டு அச்சான இப்படியொரு சான்றைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. காந்தளூர் மகாதேவர் கோயில் உற்சவ நோட்டீஸில் கடை விளம்பரம் கொடுத்திருப்பீர்கள், அதுவும் சான்று. லேபிள் அச்சடித்த பில், லாரி ஆபீஸ் ரசீது, பழைய விற்பனை வரிச் சான்றிதழ், மலையாளப் பத்திரிகையில் வந்த ஓணம் விளம்பரம், எல்லாமே சான்று. ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ போதும், ஆனால் இடைவெளி விழக் கூடாது. தொடர்ந்து பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது.

இப்போது மெஷினில் வரும் பளபளப்புத் தாள் பில்லில் எழுத்து சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போகும். மாதத்துக்கு ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, கடைப் பெயரும் சரக்கின் பெயரும் தேதியும் தெரிகிறதா என்று பார்த்து, பைலில் கோத்து வையுங்கள். டிரேட்மார்க் பதிவகம் வாரந்தோறும் வெளியிடும் இதழில் உங்கள் பெயரைப் போல ஒன்று விளம்பரமாகியிருக்கிறதா என்று உங்கள் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் அதைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள், எதிர்ப்புத் தெரிவிக்க இருப்பதும் நான்கே மாதம். அந்த நான்கு மாதத்துக்குள் பதிவகத்துக்கு உங்கள் மனு போக வேண்டும், அந்த மனுவுக்குப் பின்னால் இந்தப் பைலும் வரவேண்டும்.